போன இடத்துக்கே மறுபடியும்

வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு. மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். சொல்கிற ஆளைப் பொறுத்துப் பட்டியல் நீளும். கடைசியில் வருபவற்றை இங்கே எழுத முடியாது. இதில் ஒன்றை மட்டும் 1981இல் அடித்துவிட்டார்கள். சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் வைத்தார்கள். மீதியெல்லாம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது.

எங்கள் பள்ளியில் களக்கல்வி என்று ஒன்றைத் தொடங்கி என் தலையில் கட்டியபோது ஆசிரியர் அறையில் வந்த முதல் கேள்வி, "இங்க பார்க்க என்ன மிஸ் இருக்கு?" ஊட்டி, ஏற்காடு, இல்லையென்றால் சென்னையில் ஏதாவது ஒரு தண்ணீர் பூங்கா என்பதுதான் எல்லோருக்கும் பழகிய வழி. நான் புவியியல் நடத்துகிறவள். ஆறும் ஏரியும் பாறை மலையும் ஒரு டவுன் பஸ் தூரத்தில் இருக்கும் ஊரில், அவற்றைக் கரும்பலகையில் சாக்பீஸால் வரைந்து காட்டுவதுதான் எனக்கு விநோதமாகப் பட்டது. ஆறிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை பிள்ளைகளை எடுத்துக்கொண்டோம். நான் கேட்டு வாங்கிக்கொண்டது ஒரே ஒரு விதி. புதுப்புது இடமாகத் தேடி ஓட மாட்டோம். பாலாற்றில் ஓரிடம், ஒரு ஏரி, ஒரு மலை. அங்கேயேதான் ஆடியிலும் போவோம், ஐப்பசியிலும் போவோம், தையிலும் போவோம்.

"போன இடத்துக்கே மறுபடியும் எதுக்கு மிஸ்?" என்று பிள்ளைகளே முதலில் முகம் சுளித்தார்கள். அது நியாயமான கேள்விதான். அவர்கள் அறிந்ததெல்லாம் சுற்றுலா. பஸ் ஏறியதும் ஸ்பீக்கரில் குத்துப்பாட்டு, ஒன்பது மணிக்கு எலுமிச்சைச் சாதம், இறங்கின இடத்தில் குரூப் போட்டோ, திரும்புகையில் பாதிப் பிள்ளைகள் தூக்கம், மீதி வாந்தி. எனக்கும் அது பிடிக்கும். வருஷத்துக்கு ஒன்று இருக்கட்டும். அதைக் கல்விக் கணக்கில் எழுதாமல் இருந்தால் சரி.

இப்போது இன்னொரு வகையும் வந்திருக்கிறது. சாகச முகாம் நடத்துகிறோம் என்று வண்ணத்தாளில் அச்சடித்த விலைப்பட்டியலோடு ஆட்கள் பள்ளிக்கு வருகிறார்கள். ஏலகிரியில் இரண்டு நாள், கம்பியில் தொங்கிப் போவது, வலை ஏறுவது, டயருக்குள் நுழைவது, கடைசி இரவு டி.ஜே. தலைக்கு இத்தனை ரூபாய், ஐம்பது பேருக்கு மேல் வந்தால் ஆசிரியர்களுக்கு இலவசம். இந்த மாதிரி முகாம்களுக்கு மூலம் தேடிப்போனால் கர்ட் ஹான் என்ற ஆசிரியரில் போய் நிற்கும். ஜெர்மனியிலிருந்து வெளியேறி பிரிட்டனில் குடியேறியவர். 1941இல், உலகப்போர் நடுவே, வேல்ஸின் அபெர்டோவியில் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார். கப்பல் மூழ்கினால் இளம் மாலுமிகள் உயிர் தப்பும் அளவுக்கு மனசும் உடம்பும் உறுதிப்பட வேண்டும் என்பது அதன் முக்கியமான நோக்கம். கடலில் சாகக் கிடந்தவர்களுக்காக யோசித்ததை நாம் டயருக்குள் நுழைவதாகச் சுருக்கிவிட்டோம். அதோடு, என் வகுப்பில் பாதிப் பேர் லத்தேரிப் பக்கமிருந்தும் அணைக்கட்டுப் பக்கமிருந்தும் வருகிறவர்கள். லீவு நாளில் ஆடு ஓட்டிக்கொண்டு கரட்டில் ஏறி இறங்குகிற பையனுக்கு வலை ஏறக் கற்றுத்தரக் காசு வாங்குவது எந்த ஊர் நியாயம்?

சரி, பாலாற்றுக்கு வருகிறேன்.

கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திரத்தில் கொஞ்ச தூரம் ஓடி, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆற்காடு என்று வந்து, செங்கல்பட்டு தாண்டிக் கடலில் கலக்கிற ஆறு இது. மொத்தம் 348 கிலோமீட்டர், அதில் 222 தமிழ்நாட்டில். வருஷத்தில் பெரும்பாலான நாள் வெறும் மணல். அந்த மணலில்தான் எங்கள் முதல் பாடம். நாலு பேருக்கு ஒரு கொட்டாங்குச்சி, ஒரு அடிக்கோல். தோண்டச் சொல்வேன், வேறு எதுவும் சொல்ல மாட்டேன். மேலே ஒரு ஜாண் வரை மணல் வெளுத்து, கையில் நிற்காமல் சரியும். அப்புறம் நிறம் மாறும். பழுப்பு ஏறும், விரலை உள்ளே விட்டால் சில்லென்று இருக்கும். இன்னும் கீழே போனால் சரிந்துகொண்டிருந்த குழிச் சுவர் திடீரென்று நிற்க ஆரம்பிக்கும். ஈரம் மணலைப் பிடித்துக்கொள்கிறது. அதன்பின் கூழாங்கல் வரி ஒன்று வரும். என்றோ வந்த வெள்ளம் போட்டுவிட்டுப் போனது. மழைக்காலம் முடிந்து போனோமென்றால் முழங்கை ஆழத்திலேயே ஓரத்தில் ஒரு மினுக்கம் தெரியும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழியின் அடி நிரம்பும். "மிஸ், ஊறுது! ஊறுது!" என்று கத்தல். சித்திரையில் அதே இடத்தில் தோண்டினால் இடுப்பளவு போயும் ஈரம் மட்டும்தான். நிலத்தடி நீர்மட்டம் ஏறும், இறங்கும் என்ற வரியைப் புத்தகத்தில் படிக்க ஒரு நொடி போதும். அது இறங்கியிருப்பதைத் தோள் வலியில் தெரிந்துகொள்ள ஒரு வருஷம் வேண்டும். ஒரே இடத்துக்குத் திரும்பப் போவதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இந்தக் குழிதான்.

இந்த ஊற்றுகளை நம்பித்தான் வட ஆற்காட்டில் ஒரு காலத்தில் பாசனமே நடந்திருக்கிறது. ஆற்று மணலில் கால்வாய் வெட்டி, அடியில் கசிகிற நீரைத் திருப்பி வயலுக்குக் கொண்டுபோனார்கள். ஊற்றுக்கால் என்று பெயர். மணல் அள்ளப்பட்டு ஆற்றின் மட்டமே இறங்கியபின் அந்தக் கால்வாய்கள் மேட்டில் நின்றுபோயின. இதை நான் சொல்லவில்லை. ஆற்றோரம் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பிள்ளைகளுக்குச் சொன்னார். "இன்னா பசங்களா, தங்கமா தேடுறீங்கோ?" என்று தொடங்கியவர், தன் நைனா காலத்துக் கால்வாய் எங்கே ஓடியது என்று கையை நீட்டிக் காட்டிவிட்டுத்தான் போனார். இப்படி வருகிறவர்கள் பேசட்டும் என்று நான் ஒதுங்கிக்கொள்வேன். ஆசிரியர் வாயை மூடிக்கொண்டு நிற்பது இந்த வேலையில் பாதி. பழகச் சிரமமான பாதியும் அதுதான்.

ஊற்றுத் தண்ணீரை யாரும் குடிக்கக்கூடாது என்பது கறாரான சட்டம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு இந்த ஆற்றை என்ன செய்தது என்பது நாடறிந்த கதை. 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பே எழுதியது. மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்துக்குள் உறுதியாக நிறுத்திய வழக்குகளில் அது ஒன்று. எட்டாம் வகுப்புக் குடிமையியலில் அதை நடத்துகையில், கையில் டி.டி.எஸ். மீட்டரும் இருக்கும். தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புகளின் அளவைக் காட்டுகிற கருவி. பேனா அளவில் இருக்கும், சில நூறு ரூபாய்தான். ஆளுக்கு ஒரு பாட்டிலில் வீட்டு போர் தண்ணீர், குழாயில் வருகிற காவிரிக் கூட்டுக் குடிநீர், ஆற்று ஊற்று நீர் என்று கொண்டுவந்து வரிசையாக வைத்து அளப்போம். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை என்பது இந்தியத் தரநிலை. மீட்டரில் எண் ஏறும்போது பிள்ளைகள் கிரிக்கெட் ஸ்கோர் போலச் சத்தம் போடுவார்கள். அதிகம் காட்டியவன் ஜெயித்த மாதிரி கையைத் தூக்குவான், பிறகுதான் அது தன் வீட்டுத் தண்ணீர் என்பது உறைக்கும்.

2021 நவம்பரில் இதே ஆறு இரு கரையும் முட்டிக்கொண்டு ஓடியது. ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. தண்ணீர் வடிந்தபின் நாங்கள் வழக்கமாகத் தோண்டும் இடத்துக்குப் போனால், இடமே இல்லை. சீமைக்கருவேலப் புதர் வேரோடு போயிருந்தது, கரை உள்வாங்கியிருந்தது, புது மணல் திட்டு ஒன்று நடுவில் முளைத்திருந்தது. வெள்ளத்துக்கு முந்தைய வரைபடம் எங்கள் நோட்டில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஆற்றின் அரிப்பு, படிவு என்று நான் சொல்ல வேண்டியது எதுவும் மீதி இருக்கவில்லை. 1903இலும் இதே நவம்பரில் பாலாறு பெருகி வாணியம்பாடியைப் புரட்டிப் போட்டிருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

ஏரிக்கு நாங்கள் போவது பெரும்பாலும் கழிஞ்சூர்ப் பக்கம். கரை, மதகு, கலங்கல், வரத்துக்கால், ஏரித் தண்ணீர் பாய்கிற வயல்களான ஆயக்கட்டு என்று ஏரியின் உறுப்புகளைத் தொட்டுக் காட்டிவிடலாம். ஆயக்கட்டு மட்டும் இப்போது வீட்டுமனைகளாகிவிட்டது, அதையும் காட்டுவோம். பறவைகளுக்குப் பட்டியல் போடுவது தையில். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள், 2015இலிருந்து. பதினைந்து நிமிஷம் ஓரிடத்தில் நின்று பார்த்ததை எண்ணி ஈ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். முக்குளிப்பான், நாமக்கோழி, தாழைக்கோழி, புள்ளிமூக்கு வாத்து, மூன்று வகை மீன்கொத்தி என்று எங்கள் பட்டியல் பெரிதாக ஒன்றும் இருக்காது. நீர்க்காகத்தையும் வக்காவையும் குழப்பிக்கொண்டு எழுகிற சண்டை பெரிதாக இருக்கும். ஆள்காட்டிக் குருவி கத்த ஆரம்பித்தால் அங்கிருந்து விலகி நட என்பது இப்போது ஏழாம் வகுப்புக்கே தெரியும். அதன் முட்டை வெறுந்தரையில் கிடக்கும், கூழாங்கல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது.

இனி யாரும் துண்டுப் பிரசுரத்தில் போடாத விஷயம். பெண் பிள்ளைகள் வெளியே வந்தால் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். ஒதுங்க இடம் இருக்காது என்று தெரியும், அதனால் காலையிலிருந்தே குடிக்காமல் வருவார்கள். பத்தரை மணிக்குத் தலைவலி, பதினொன்றுக்கு மயக்கம். "பொண்ணுங்களுக்கு வெயில் தாங்காது" என்று கூட வந்த ஆசிரியர் தீர்ப்புச் சொல்வார். வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நான் இடம் தேர்வு செய்யும் முறையே இதனால் மாறிப்போனது. அழகான இடமா என்று பார்ப்பதற்கு முன், நடக்கிற தூரத்தில் கதவும் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறை இருக்கிறதா என்று பார்க்கிறேன். ஊராட்சி அலுவலகம், அங்கன்வாடி, கோயில் மண்டபம், பெட்ரோல் பங்க் என்று முந்தின நாளே கேட்டு வைத்துக்கொள்வேன். இல்லையென்றால் நாலு கம்பும் பழைய புடவையும் ஒரு மண்வெட்டியும் எங்கள் சாமான் பட்டியலில் உண்டு. முதுகுப்பையில் நாப்கினும் காகிதப் பையும் எப்போதும் இருக்கும், எந்தப் பையில் என்பது எல்லாப் பெண்களுக்கும் தெரியும், கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம். இது சரியானபின், மலை ஏறுவதில் யார் முன்னால் போகிறார்கள் என்று அந்த ஆசிரியரே பார்த்துக்கொண்டார்.

பாதுகாப்பு என்றதும் பெற்றோர் பாம்பைத்தான் கேட்பார்கள். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலும் இந்தப் பக்கம் உண்டு. கீறக்கூடாது, இறுக்கிக் கட்டக்கூடாது, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அருகிலுள்ள எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் விஷமுறிவு மருந்து இருக்கிறது என்று போவதற்கு முன்பே போன் செய்துவிடுவேன். ஆனால் எனக்கு உண்மையில் பயம் பாம்பிடம் இல்லை. முதலாவது, ஏரியிலும் ஆற்றிலும் மண் அள்ளிய பள்ளம். முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருக்கிற பிள்ளை அடுத்த அடியில் ஆள் ஆழத்துக்குப் போய்விடும். எங்கள் கூட்டத்தில் கணுக்காலுக்கு மேல் யாரும் நனையக்கூடாது, நீச்சல் தெரிந்தவனுக்கும் சலுகை கிடையாது. இரண்டாவது இடி. மொட்டைப் பாறையில் நிற்கையில் மின்னலைப் பார்த்ததும் எண்ண வேண்டும். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டால் இறங்கு, பேச்சே கிடையாது.

மூன்றாவது, நிறையப் பேர் யோசிக்காதது, உண்ணிக் காய்ச்சல். மழை முடிந்த குளிர் மாதங்களில் வேலூர் வட்டாரத்தில் சகஜம், சி.எம்.சி. மருத்துவர்கள் வெகுகாலமாக ஆராய்ந்து வருகிற நோய். புதரிலும் புல்லிலும் இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்து வருவது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்ட மாதிரி கருத்த பொருக்கு ஒன்று இருக்கும், அக்குளிலோ தொடை இடுக்கிலோ மறைந்திருக்கும். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் போன்ற மலிவான மாத்திரையிலேயே கேட்டுவிடும், விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் ஐப்பசிக்கு மேல் போய்வந்த ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு ஒரு சீட்டு போகும்: வந்ததும் குளிக்க வேண்டும், துணியைத் துவைக்கப் போட வேண்டும், மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் புதர்ப் பக்கம் போய்வந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

வருஷத்தில் ஒரு இரவு மட்டும் ஜவ்வாது மலையில் தங்குவோம். அதற்கான கடிதங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது, விட்டுவிடுகிறேன். வனத்துறை, கல்வி அலுவலகம், பெற்றோர் ஒப்புதல் எல்லாம் கைக்கு வந்து, ஒரு சனிக்கிழமை காவலூர் போய்ச் சேருவோம். அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகம் சனிக்கிழமைகளில் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும். 1986இல் இயங்கத் தொடங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. 1988இல் இந்த மலையிலிருந்து கண்டுபிடித்த சிறுகோளுக்குத்தான் ராமானுஜன் பெயர் வைத்தார்கள். வேலூர் பக்கத்து மலையிலிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார்களா என்று பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

எனக்குப் பிடித்த பாடம் அந்தக் குவிமாடத்துக்கு வெளியே, சாமை அறுத்த கட்டாந்தரையில். துருவ நட்சத்திரத்தைக் கண்டுபிடித்ததும், கையை நேராக நீட்டி முஷ்டி பிடித்து, தொடுவானத்திலிருந்து அளக்கச் சொல்வேன். நீட்டிய முஷ்டி ஏறக்குறைய பத்து பாகை. ஒரு முஷ்டியும் மேலே இரண்டு விரலும் வைத்தால் நட்சத்திரம் வந்துவிடும். பன்னிரண்டு, பதின்மூன்று பாகை. அட்லஸில் நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகையும் அதுதான். சின்னக் கை உள்ள பிள்ளைக்கும் சரியாக வருகிறதே என்று ஒருத்தி கேட்டாள். கை சின்னதென்றால் நீளமும் கம்மி, விகிதம் மாறாது. அதை விளக்க நான் வாயெடுப்பதற்குள் பக்கத்தில் இருந்தவன் அவள் கையையும் தன் கையையும் அரைஞாண் கயிற்றால் அளந்துகொண்டிருந்தான். எங்களுக்கு இரவுச் சமையல் செய்த மலையாளி என்ற இந்த மலைப் பழங்குடியைச் சேர்ந்த அம்மா, ஆறாமீன், அதாவது கார்த்திகை நட்சத்திரக் கூட்டம், எங்கே நிற்கிறது என்பதை வைத்துப் பொழுதைச் சொன்னார். என் கைக்கடிகாரத்தோடு கால்மணி நேரம்தான் வித்தியாசம்.

இவ்வளவும் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிடும். பத்தாம் வகுப்பு வந்ததும் பொதுத்தேர்வு, சிறப்பு வகுப்பு, சனிக்கிழமை டெஸ்ட். நாலு வருஷம் ஒரே ஏரியைப் பார்த்துவந்து, எந்த மாதம் எந்தப் பறவை வரும் என்று முன்கூட்டியே சொல்லத் தெரிந்தவர்களை, சரியாக அந்தக் கட்டத்தில் அறைக்குள் உட்கார வைக்கிறோம். பள்ளி நிர்வாகத்தோடு எனக்கு இதில்தான் தீராத வழக்கு. அவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. மதிப்பெண் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியது அவர்கள்தான். போன ஜூனில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். பத்தாம் வகுப்பில் விருப்பமுள்ளவர்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு, காலை ஆறு மணியிலிருந்து எட்டு வரை, ஏரிக்கு மட்டும் வரலாம். பெற்றோர் கொண்டுவந்து விட்டு, அவர்களே அழைத்துப்போக வேண்டும். காலாண்டு மதிப்பெண்ணைப் பார்த்துத் தொடர்வதா என்று முடிவெடுப்பார்களாம். அப்பாக்கள் சிலர் வண்டியை நிறுத்திவிட்டுக் கரையிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்களுக்கும் சேர்த்து இன்னும் இரண்டு பைனாகுலர் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.